வக்கீல்களை எஞ்சினியர்களாக்கியவர்

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, எஞ்சினியர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருகிறேன் என்றேன். விஸ்வேஸ்வரய்யாவா என்று கேட்டார்கள். இல்லை, ஒரு அமெரிக்க வக்கீல் என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வக்கீலுக்கும் நம்ம தொழிலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. சட்டம் படிக்கிறவன் சமூகத்துக்கு எஞ்சினியராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் அடுத்தவர் உழைப்பில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணிதான் என்று தன் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பப் போதித்தவர் அவர். பெயர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். காலமாகி முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் அமெரிக்காவில் சட்டக் கல்வி பற்றி இன்று நடக்கும் சண்டைகளில் பாதி, அவர் கை வைத்த இடங்களில்தான் நடக்கிறது.

இந்த எஞ்சினியர் எதைக் கட்டினார், எதை இடித்தார் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டியதை எல்லோரும் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். இடித்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் முழுசாகத் தெரிவார்.

பிறப்பும் படிப்பும்

ஹூஸ்டன் 1895 செப்டம்பர் 3ஆம் தேதி வாஷிங்டன் நகரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். தந்தை வில்லியம் ஹூஸ்டன் பகலில் அரசாங்க குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டே, இரவில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வக்கீலானவர். இந்த ஒரு தகவலை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

மகன் படிப்பில் சூரன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1915இல் பட்டம் பெற்றபோது, அந்த ஆண்டு முதன்மை மாணவர்களாக அறிவிக்கப்பட்ட ஆறு பேரில் ஒருவர். அவருடைய வகுப்பில் ஒரே கறுப்பின மாணவர் அவர்தான். ஊர் திரும்பி ஹோவர்டில் இரண்டு வருஷம் ஆங்கிலம் கற்பித்தார். அதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது.

1917இல் அயோவா மாநிலத்தின் ஃபோர்ட் டி மாயின் முகாமில் கறுப்பின அதிகாரிகளுக்காகத் தனியாக நடந்த பயிற்சியில் சேர்ந்தார். லெப்டினன்ட் ஆனார். பிரான்சுக்கும் போனார். ஆனால் எதிரி நாட்டுப் படையைவிடச் சொந்த நாட்டு வெள்ளைச் சிப்பாய்களிடம்தான் அவர் அதிகம் பயப்பட வேண்டியிருந்தது. கறுப்பினச் சிப்பாய்கள் சரியான ஆதாரம் இல்லாமலே தண்டிக்கப்படுவதையும், அவர்கள் பக்கம் பேச ஆளில்லாததையும் கண்ணால் பார்த்தார். உயிரோடு திரும்பினால் சட்டம் படிப்பது, திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காகப் போராடுவது என்று அங்கேதான் முடிவு செய்தார்.

1919இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். (ஹார்வர்டு, ஹோவர்டு இரண்டும் காதில் ஒன்று போல விழும். ஹார்வர்டு பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள பழைய பணக்காரப் பல்கலைக்கழகம். ஹோவர்டு, உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1867இல் வாஷிங்டனில் தொடங்கியது. கறுப்பின மக்களின் உயர்கல்விக்கு அதுதான் பெரிய வாசல்.) ஹார்வர்டு லா ரிவ்யூ இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஹூஸ்டன். 1922இல் சட்டப் பட்டம், 1923இல் சட்டத்தில் டாக்டர் பட்டம். அப்போது ஹார்வர்டில் டீனாக இருந்த ராஸ்கோ பவுண்டு, சட்டத்தைச் சமூகப் பொறியியல் என்று விளக்கி வந்தவர். ஹூஸ்டனுக்கு எஞ்சினியர் என்ற சொல் எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது புரிகிறதல்லவா? ஆனால் பவுண்டுக்கு அது தத்துவம். ஹூஸ்டனுக்கு அது வேலை.

ஒருவருக்கு 90,000 பேர்

1924இல் வாஷிங்டனுக்கு வந்து தந்தையோடு சேர்ந்து வக்கீல் தொழில் தொடங்கினார். ஹோவர்டு சட்டக் கல்லூரியில் வகுப்பும் எடுத்தார். கறுப்பின வக்கீல்களின் நிலைமை பற்றி ஒரு ஆய்வும் செய்தார். எந்த எஞ்சினியரும் கட்டுமானத்துக்கு முன் சர்வே எடுப்பது போல!

அவர் பின்னாளில் எழுதிய கணக்கு இது: தெற்கு மாநிலங்களில் 90 லட்சம் கறுப்பின மக்கள். அங்கே முழுநேரமாகத் தொழில் செய்யும் கறுப்பின வக்கீல்கள் 100 பேருக்கு மேல் இல்லை. அதாவது, 90,000 பேருக்கு ஒரு வக்கீல். வெள்ளை வக்கீல்கள் பெரும்பாலோர் இவர்களின் உரிமை வழக்குகளைத் தொடவே மாட்டார்கள். அப்படியானால் என்ன வழி? வக்கீல்களை உருவாக்க வேண்டும். அதுவும் எப்படிப்பட்ட வக்கீல்கள்? எதிர்த்தரப்பு, நீதிபதி, ஊர் மூன்றும் பகையாக இருக்கும் கோர்ட்டில் ஒரு சிறு பிழையும் விடாமல் வழக்கு நடத்தத் தெரிந்தவர்கள்.

ஹோவர்டு சட்டக் கல்லூரியோ அப்போது ஒரு மாலைக் கல்லூரி. பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வருகிறவர்கள்தான் மாணவர்கள். மாலைக் கல்லூரி என்றால் என்னவென்று நமக்கெல்லாம் தெரியும். டிபன் பாக்ஸோடு வகுப்புக்கு வருகிறவர்கள், கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். நூலகம் சின்னது. ஆசிரியர்களும் பெரும்பாலும் பகுதி நேரம். கல்லூரிக்கு அமெரிக்க பார் அசோசியேஷனின் அங்கீகாரமும் இல்லை.

ஹோவர்டின் முதல் கறுப்பினத் தலைவரான மார்டெகாய் ஜான்சன், 1929இல் ஹூஸ்டனை வைஸ் டீனாக்கிக் கல்லூரியை அவர் கையில் கொடுத்தார். வயது 33. உண்மையில் டீன் வேலை முழுவதையும் பார்த்தவர் அவர்தான். 1930இல் இரவுப் பிரிவை மூடினார். முழுநேரப் பகல் கல்லூரி, முழுநேர ஆசிரியர்கள், கடுமையான சேர்க்கை விதிகள். 1931இல் பார் அசோசியேஷனின் அங்கீகாரம் வந்தது. அதே ஆண்டு அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் சங்கத்திலும் இடம் கிடைத்தது.

மூடிய கதவு

இங்கேதான் சிக்கல். தந்தை வில்லியம் ஹூஸ்டன் எந்தக் கதவு வழியாக நுழைந்து வக்கீலானாரோ, அந்தக் கதவைத்தான் மகன் மூடினார். அன்றைக்கு ஒரு குமாஸ்தாவோ, தபால் ஊழியரோ வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷம் பகலில் படிக்க முடியுமா? முன்னாள் மாணவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்ததில் வியப்பில்லை. நாங்களெல்லாம் இரவில் படித்துத்தானே ஆளானோம், எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி.

இன்னொரு முரண்பாடும் உண்டு. அங்கீகாரம் கொடுத்த அந்தப் பார் அசோசியேஷன், 1912இல் தெரியாமல் சேர்த்துக்கொண்ட மூன்று கறுப்பின வக்கீல்கள் விஷயத்தில் பெரிய ரகளையே செய்து, அதன்பின் கறுப்பின வக்கீல்களுக்குக் கதவைச் சாத்திய அமைப்பு. 1943இல்தான் உறுப்பினராவதற்கு நிறம் தடையில்லை என்று தீர்மானம் போட்டது. கறுப்பின வக்கீல்கள் 1925இலேயே நேஷனல் பார் அசோசியேஷன் என்று தனியாக ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, தன் மாணவர்களை உறுப்பினராக ஏற்காத ஒரு சங்கத்தின் முத்திரைக்காக ஹூஸ்டன் பாடுபட்டிருக்கிறார்!

ஏன்? மாணவர்களின் பட்டத்தை யாரும் இளக்காரமாகப் பேசக்கூடாது என்பதற்காக. எதிரி வகுத்த அளவுகோலிலேயே ஜெயித்துக் காட்டினால், அப்புறம் அவன் அளவுகோலை மாற்றித்தான் ஆக வேண்டும். கறுப்பின வக்கீல் சரியாகப் படிக்காதவன் என்று சொல்லும் வாய்ப்பை எதிர்த்தரப்புக்கு அவர் தரத் தயாராக இல்லை. அதற்கு அவர் கொடுத்த விலை இரவுப் பிரிவு. இல்லை, சரியாகச் சொன்னால், அந்த விலையைக் கொடுத்தது அவரல்ல. இரவில் மட்டுமே படிக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள். இதை மறைத்து அவரைப் புகழ்வது சரியாகாது என்பது என் எண்ணம்.

இரும்புக் காலணி

மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்களில் ஒன்று, இரும்புக் காலணி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை நன்றாகப் பார்த்துக்கொள், அடுத்த வருஷம் அவர் இருக்கமாட்டார் என்ற பாணியில்தான் முதல் வருஷ மாணவர்களை வரவேற்பார். வைத்தியர் தன் பிழையைப் புதைத்துவிடலாம், வக்கீலின் பிழை ஊரறியப் பதிவாகும் என்பதும் அவர் பாடம்.

ஹார்வர்டில் 1870 முதல் லாங்டெல் என்ற டீன் கொண்டுவந்த முறை நடப்பில் இருந்தது. பழைய தீர்ப்புகளை வாசி, ஆசிரியர் குறுக்குக் கேள்வி கேட்பார், பதில் சொல். நாளடைவில் அமெரிக்கா முழுக்க அந்த முறைதான். ஹூஸ்டன் அதை விடவில்லை. ஆனால் அதோடு நிறுத்தவுமில்லை. மாணவர்களைக் கோர்ட்டுக்கும் சிறைக்கும் போலீஸ் அலுவலகத்துக்கும் அழைத்துப் போனார். உண்மையான வழக்குகளில் அவர்களை உழைக்க வைத்தார். தியரி மட்டும் படித்துவிட்டு சைட்டைப் பார்க்காமல் எஞ்சினியர் ஆக முடியாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சட்டப் படிப்பில் அன்று அது புதுசு.

அப்படி வந்த மாணவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பால்டிமோர்க்காரர். உள்ளூரிலேயே மேரிலாண்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை. அதனால் தினமும் ரயிலேறி வாஷிங்டன் வந்து படித்தார். 1933இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர் இவர்தான்.

விரிசல் எங்கே?

1896இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், தனித்தனியாக வைக்கலாம், ஆனால் சமமாக வைக்க வேண்டும் என்ற கொள்கைக்குச் சம்மதம் கொடுத்திருந்தது. தெற்கு மாநிலங்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டன. 1930களில் ஹூஸ்டன் தெற்கு கரோலினாவுக்கு சினிமா காமிராவோடு போய், கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகளைப் படம் பிடித்து வந்தார். மார்ஷலோடு காரில் ஊர் ஊராகச் சுற்றினார். ஹோட்டல்களில் இடம் தரமாட்டார்கள். வழியிலேயே மனு தயாரிக்க டைப்ரைட்டர் கூடவே இருக்கும்.

1935இல் ஹோவர்டை விட்டு, கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் முழுநேரச் சிறப்பு வக்கீலானார். எங்கே அடிப்பது? ஆரம்பப் பள்ளிகளில் கை வைத்தால் ஊரே கொதிக்கும். ஆகவே சட்டக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்தார். காரணங்கள் அழகானவை. ஒன்று, பல மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குச் சட்டக் கல்லூரியே கிடையாது. சமம் என்று வாதிடவே முடியாது. இரண்டு, ஒரு மாணவருக்காகத் தனிக் கல்லூரி கட்டினால் கஜானா தாங்காது. மூன்று, சட்டக் கல்லூரி என்றால் என்ன என்பதை நீதிபதிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விட்டத்தின் மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனால் எங்கே பலவீனமோ அங்கே விரிசல் விடும். அவர் செய்தது அந்த லோடு டெஸ்ட்தான்.

முதல் வெற்றி மேரிலாண்டில். அதே கல்லூரி! ஆம்ஹர்ஸ்ட் பட்டதாரியான டொனால்டு மர்ரேக்காக ஹூஸ்டனும் மார்ஷலும் 1935இல் வாதாடினார்கள். சேர்த்துக்கொள்ள உத்தரவாயிற்று. 1936 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

அடுத்தது மிசூரி. லாயிட் கெயின்ஸ் என்ற இளைஞர் மாநிலச் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டார். வேறு மாநிலத்துக்குப் போய்ப் படி, நாங்கள் பணம் தருகிறோம் என்றது அரசு. உச்ச நீதிமன்றத்தில் ஹூஸ்டன் எழுந்து வாதாடியபோது, மெக்ரெனால்ட்ஸ் என்ற நீதிபதி நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாராம்! ஹூஸ்டன் நிறுத்தவில்லை. 1938 டிசம்பர் 12இல் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் ஜெயம். மாநிலம் தன் எல்லைக்குள்ளேயே சமமான வசதி தர வேண்டும் என்றது தீர்ப்பு. மிசூரி அரசு செயின்ட் லூயிஸ் நகரில், முன்பு அழகுக்கலைப் பள்ளி நடந்த கட்டடத்தில், அவசர அவசரமாக ஒரு சட்டக் கல்லூரியைத் திறந்தது. கெயின்ஸ் எதிலும் சேரவில்லை. 1939 மார்ச்சில் சிகாகோவில் தங்கியிருந்தவர் ஒரு மாலை வெளியே போனார். திரும்பவே இல்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

எண்ணிப் பார்க்க முடியாதவை

1938இல் ஹூஸ்டன் வாஷிங்டன் திரும்பினார். அந்தப் பொறுப்பு மார்ஷலிடம் போயிற்று. அதன்பிறகும் ரயில்வே தொழிலாளர் உரிமை, வீட்டுமனைப் பாகுபாடு என்று வழக்குகளை ஓயாமல் நடத்தினார். இருதயம் தாங்கவில்லை. வாஷிங்டன் பள்ளிகள் சம்பந்தமான வழக்கை ஜேம்ஸ் நாப்ரிட்டிடம் ஒப்படைத்துவிட்டு, 1950 ஏப்ரல் 22ஆம் தேதி காலமானார். வயது 54. மகன் அப்போது சிறுவன்.

சரியாக 44 நாள் கழித்து, ஜூன் 5ஆம் தேதி, டெக்சாஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. தபால்காரரான ஹீமன் ஸ்வெட் சட்டம் படிக்க இடம் கேட்டதற்காக, அந்த மாநிலம் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி தொடங்கியிருந்தது. நீதிமன்றம் முதலில் எண்களைப் பார்த்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 850 மாணவர்கள், 16 முழுநேர ஆசிரியர்கள், 65,000 புத்தகங்கள். தனிக் கல்லூரியில் 23 மாணவர்கள், 5 ஆசிரியர்கள், 16,500 புத்தகங்கள். அதோடு நிற்காமல், எண்ணிப் பார்க்க முடியாதவைதான் அதைவிடப் பெரியவை என்றது நீதிமன்றம். ஆசிரியர்களின் மதிப்பு, கல்லூரியின் பெயர், அதன் மரபு, பழைய மாணவர்கள் வகிக்கும் இடம், அவர்களின் செல்வாக்கு!

ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களும் அந்தக் கல்லூரியின் சொத்து என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுதி வைத்தது, ஒரு தபால்காரர் வழக்கில். ஹூஸ்டன் மூடிய இரவுப் பிரிவில் உட்கார்ந்திருக்கக்கூடிய மாதிரியான ஒரு மனிதர் வழக்கில்! 1954 மே 17இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்ற தீர்ப்பு வந்தது. மார்ஷல் நடத்திய வழக்கும் நாப்ரிட் நடத்திய வழக்கும் அதே நாளில் வென்றன. போட்டவர் போய்ச் சேர்ந்த பிறகு பாலம் திறந்தது.

தீராத கணக்கு

இன்றைய அமெரிக்காவுக்கு வருவோம். மாணவர் சேர்க்கையில் நிறத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023 ஜூன் 29இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் சிக்கிய பல்கலைக்கழகங்களில் ஒன்று, ஹூஸ்டன் படித்த ஹார்வர்டு. வக்கீலாவதற்குப் பெரிய தேர்வு ஒன்றுதான் வழியா என்ற கேள்விக்கு, மேற்பார்வையில் வேலை செய்து காட்டினாலும் போதும் என்ற மாற்று வழிக்கு ஓரிகன் 2023இலும், வாஷிங்டன் மாநிலம் 2024இலும் சம்மதித்தன. பார் அசோசியேஷனின் அங்கீகார அதிகாரமே 2025இல் ஜனாதிபதியின் உத்தரவு ஒன்றில் கேள்விக்குள்ளானது. அதே ஆண்டு நிறைவேறிய சட்டம், தொழிற்படிப்பு மாணவர்களுக்கு அரசு தரும் கடனுக்கு வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு கட்டியது.

விவாதங்கள் வேறு வேறாகத் தெரிந்தாலும் அடியில் ஒரே கேள்விதான். தரம் என்ற மதிலை எவ்வளவு உயரமாகக் கட்டுவது? உயரம் குறைந்தால், உள்ளே படித்து வருகிறவனை நம்பி வரும் ஏழைக் கட்சிக்காரன் கோர்ட்டில் தோற்பான். உயரம் கூடினால், ஏழை வீட்டுப் பிள்ளை உள்ளேயே வரமுடியாது. இரண்டு பக்கமும் நஷ்டப்படுவது ஒரே தெரு ஜனங்கள்தான்.

ஹூஸ்டன் மதிலை உயர்த்தினார். அவர் செய்தது சரியென்றே நான் நினைக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. உயர்த்திய மதிலுக்குள் படித்தவர்களை அவர் சும்மா சம்பாதிக்க அனுப்பவில்லை. மதிலுக்கு வெளியே நின்ற 90 லட்சம் பேருக்கு நீங்கள் கடன்பட்டவர்கள் என்று சொல்லி அனுப்பினார். தானும் அந்தக் கடனைத் தீர்த்தே மாண்டார். கடன் என்கிற இந்தப் பாதியை விட்டுவிட்டுத் தரம், தரம் என்று மட்டும் பேசினால், மிஞ்சுவது மதில்தான். எந்தக் கல்லூரிக்கும் இது பொருந்தும், சட்டக் கல்லூரிக்கு மட்டுமல்ல.

ஹோவர்டு சட்டக் கல்லூரியின் முக்கியக் கட்டடத்துக்கு இன்று ஹூஸ்டன் பெயர். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். எஞ்சினியர் என்ற நம்ம பட்டத்தை ஒரு வக்கீல் கேட்டு வாங்கி, அதற்கு நாம் கொடுத்ததைவிடப் பெரிய அர்த்தத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கணக்கில் நாம் எஞ்சினியரா, ஒட்டுண்ணியா என்பதற்கு நம் சர்டிபிகேட் பதில் சொல்லாது. நம்மால் மதிலுக்கு வெளியே எத்தனை பேருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் பதில் சொல்லும்.